விந்துத் திரவத்தில் உடலின் சொந்த ஓபியாய்டுகள்: ஓர் எளிய அறிமுகம்

திருமணமாகி ஓராண்டு கடந்தும் குழந்தை உண்டாகவில்லை என்றால், வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்துக் குடும்பங்களில் இன்றும் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுபவர் மருமகள்தான். அவருக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று மாதக்கணக்கில் நடந்த பிறகே கணவருக்கு விந்துப் பரிசோதனை எழுதித் தரப்படுகிறது. குழந்தையின்மைக்காக வரும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணம் தனியாகவோ, பெண் தரப்புக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. ஆகவே செலவு குறைந்ததும் வலியில்லாததுமான அந்தப் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே செய்துவிடுவதுதான் முறை என்று உறுதியாகச் சொல்லலாம்.

அந்தப் பரிசோதனை முடிவில் அணுக்களின் எண்ணிக்கை, அவற்றின் ஓட்டம், வடிவம் ஆகிய மூன்றும் முக்கியமாகக் குறிக்கப்பட்டிருக்கும். எண்ணிக்கையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் ஓட்டம், அதாவது விந்தணு முன்னோக்கி நீந்தும் திறன், அதே அளவுக்கு முக்கியமானது. அந்த நீச்சலின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல பொருள்களில் ஒரு வகையைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. அவை வலியைத் தணிக்கும் மார்ஃபினைப் போலச் செயல்படும் இயற்கைப் பெப்டைடுகள். மார்ஃபினைப் போலச் செயல்படும் பொருள்களுக்கு ஓபியாய்டுகள் என்று பெயர். நம் உடலே அவற்றைத் தயாரிக்கிறது, விந்துத் திரவத்திலும் அவை இருக்கின்றன.

முதலில் பெப்டைடு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்து நீண்டால் புரதம் உருவாகிறது; அந்தக் கோவை குட்டையாக இருந்தால் அதைப் பெப்டைடு என்கிறோம். அபின் செடியிலிருந்து கிடைக்கும் மார்ஃபின் மூளையில் ஏன் வேலை செய்கிறது என்ற கேள்வியைத் தொடர்ந்து சென்ற ஆய்வாளர்கள், மார்ஃபின் வந்து பொருந்துவதற்கென்றே நரம்புச் செல்களின் மேல் ஏற்பிகள் இருப்பதை 1973-இல் காட்டினார்கள். எங்கோ வளரும் ஒரு செடியின் பாலுக்காக மனித மூளை ஏற்பிகளை வைத்திருக்க முடியாது. உடலுக்குள்ளேயே அதற்குரிய பொருள் ஒன்று இருந்தாக வேண்டும். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் ஆகியோர் பன்றி மூளையிலிருந்து அத்தகைய இரண்டு பெப்டைடுகளைப் பிரித்தெடுத்து 1975-இல் அறிவித்தனர். அவை மெட்-என்கெஃபலின், லியூ-என்கெஃபலின் எனப்பட்டன. இரண்டிலும் ஐந்தைந்து அமினோ அமிலங்களே உண்டு. முதல் நான்கு இரண்டுக்கும் பொது: டைரோசின், கிளைசின், மறுபடியும் கிளைசின், ஃபினைல்அலனின். ஐந்தாவதாக மெத்தியோனின் வந்தால் ஒன்று, லியூசின் வந்தால் மற்றொன்று. அடுத்த ஆண்டே 31 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா-எண்டார்ஃபின் அடையாளம் காணப்பட்டது. பிறகு டைனார்ஃபின்கள் வந்து சேர்ந்தன. இவை எல்லாவற்றின் தொடக்கத்திலும் அதே நான்கு அமினோ அமிலங்கள் அதே வரிசையில் நிற்கின்றன. ஏற்பியில் பொருந்தும் முனை அதுதான்.

ஏற்பிகளிலும் மூன்று முக்கிய வகைகள் உண்டு: மியூ, டெல்டா, கப்பா. பீட்டா-எண்டார்ஃபின் மியூ, டெல்டா இரண்டிலும் நன்றாகப் பொருந்தும். என்கெஃபலின்கள் டெல்டாவை அதிகம் நாடும். டைனார்ஃபின் கப்பாவை நாடும். மார்ஃபின் பெரும்பாலும் மியூ ஏற்பியின் வழியாக வேலை செய்கிறது. இந்தப் பாகுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வருவது அனைத்தும் எளிதாகிவிடும். ஏனென்றால் ஒரு பொருள் எந்த ஏற்பியில் அமர்கிறது என்பதைப் பொறுத்தே அதன் விளைவு மாறுகிறது.

வலியைத் தணிக்கும் மூளைப் பொருள்களுக்கு விந்தில் என்ன வேலை என்ற ஐயம் நியாயமானது. உண்மையில் இவை மூளைக்கு மட்டும் உரியவை அல்ல. குடல், அட்ரீனல் சுரப்பி, நோயெதிர்ப்புச் செல்கள் எனப் பல இடங்களில் உடல் இவற்றைச் சுரந்து பயன்படுத்துகிறது. மனித விந்தில் பீட்டா-எண்டார்ஃபின் இருப்பது 1980-களின் தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டது. விந்துத் திரவத்தில் அதன் செறிவு இரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதல் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. இரத்தத்திலிருந்து கசிந்து வந்திருந்தால் இரத்தத்தைவிட அதிகமாக இருக்க வழியில்லை. இனப்பெருக்க உறுப்புகளே அதைத் தயாரித்தோ திரட்டியோ தருகின்றன என்று அதற்குப் பொருள். மெட்-என்கெஃபலினும் விந்தில் கண்டறியப்பட்டுள்ளது.

இங்கே விந்து எதனால் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். வெளியேறும் திரவத்தில் விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது. பெரும்பகுதி, சுமார் மூன்றில் இரண்டு பங்கு, விந்துப் பைகளிலிருந்து வருகிறது. ஏறக்குறைய கால் பங்கு புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது. புராஸ்டேட் தரும் நீரில் புராஸ்டசோம்கள் எனப்படும் நுண்ணிய சவ்வுப் பைகளும் மிதக்கின்றன. இவற்றுக்கு இந்தக் கதையில் ஒரு பாத்திரம் உண்டு.

விந்தணு மற்றச் செல்களைப் போன்றதன்று. அதன் மரபுப்பொருள் மிக இறுக்கமாகச் சுருட்டி அடைக்கப்பட்டிருப்பதால், தேவைக்கேற்பப் புதிய மரபணுவை இயக்கிப் புதிய புரதத்தை உண்டாக்கிக்கொள்ளும் வசதி அதற்கு ஏறக்குறைய இல்லை. ஏற்கெனவே இருப்பதையும் சுற்றியுள்ள திரவங்களிலிருந்து பெறுவதையும் வைத்துக்கொண்டுதான் அது பயணத்தை முடிக்க வேண்டும். எப்போது அமைதியாக இருப்பது, எப்போது வேகமெடுப்பது என்பதைச் சுற்றியுள்ள திரவம் அதன் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் போன்றவற்றின் வழியாகத் தெரிவிக்கிறது. ஆகவே விந்துத் திரவத்தை வெறும் சுமந்து செல்லும் நீராகக் கருதுவது தவறு. இந்தத் துறையில் இருப்பவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது இதுவே: தன்னால் எதையும் புதிதாகச் செய்துகொள்ள இயலாத ஒரு செல்லுக்கு அது நீந்தும் திரவமே வழி சொல்கிறது.

அப்படியானால் விந்தணுவில் ஓபியாய்டு ஏற்பிகள் இருக்கின்றனவா? ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் இதற்கு விடை தந்தனர். மியூ, டெல்டா, கப்பா ஆகிய மூன்றும் மனித விந்தணுவின் தலை, நடுப்பகுதி, வால் ஆகியவற்றில் வெவ்வேறு இடங்களில் அமைந்திருப்பதை அவர்கள் காட்டினர். அதோடு நிற்காமல், விந்தணுக்களை மார்ஃபினோடு சேர்த்து வைத்துப் பார்த்தபோது முன்னேறி நீந்தும் அணுக்களின் விகிதம் குறைந்தது. மார்ஃபினைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தையும் சேர்த்தபோது அந்தக் குறைவு ஏற்படவில்லை. இது மியூ ஏற்பியின் வேலை என்று தெரிகிறது. டெல்டா ஏற்பியை மட்டும் அடைக்கும் வேறொரு பொருளைச் சேர்த்தபோதும் ஓட்டம் குறைந்தது. அதாவது டெல்டா ஏற்பி வழியாக வரும் இயல்பான தூண்டுதல் நீச்சலைத் தாங்கிப் பிடிக்கிறது, அதை அடைத்தால் நீச்சல் தளர்கிறது என்று கொள்ளலாம். கப்பா ஏற்பியைத் தூண்டியபோது ஓட்டத்தில் மாற்றம் காணப்படவில்லை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகளில் ஒன்றின் வழியாகத் தளர்ச்சியும் மற்றொன்றின் வழியாக ஊக்கமும் வருகின்றன. “எண்டார்ஃபின் நல்லதா, கெட்டதா” என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் பதில் தர முடியாததன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஏற்பி தூண்டப்பட்ட பின் உள்ளே என்ன நடக்கிறது? பெரும்பாலான செல்களில் ஓபியாய்டு ஏற்பி, சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் உள்செய்தி மூலக்கூறின் உற்பத்தியைக் குறைக்கிறது, கால்சியத்தின் போக்குவரத்தையும் மாற்றுகிறது. விந்தணுவின் வால் அடிப்பது இவ்விரண்டையும் நம்பித்தான் இருக்கிறது. அதற்கு மேலான வேதியியல் விவரம் தொடக்க நிலை வாசகருக்குத் தேவைப்படாது.

பெப்டைடும் ஏற்பியும் மட்டுமே இருந்தால் போதாது. வந்த செய்தியை முடித்துவைக்கவும் ஏற்பாடு வேண்டும். அந்த வேலையை நெப்ரிலைசின், அமினோபெப்டிடேஸ்-என் என்னும் இரண்டு நொதிகள் செய்கின்றன. அமினோபெப்டிடேஸ்-என் என்கெஃபலினின் முதல் அமினோ அமிலமான டைரோசினைக் கழற்றிவிடுகிறது. முனை போய்விட்டதால் மீதிப் பகுதி ஏற்பியில் பொருந்தாது. நெப்ரிலைசின் மூன்றாவது, நான்காவது அமினோ அமிலங்களுக்கு இடையே வெட்டுகிறது. இந்த இரு நொதிகளும் விந்தணுக்களின் மேற்பரப்பிலும், முன்பு சொன்ன புராஸ்டசோம்களிலும் காணப்படுகின்றன. காவேரிப்பாக்கம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை மட்டும் கேட்டு, கடைசி வயல் நனையுமா என்று அந்த ஊர் விவசாயி சொல்லிவிட மாட்டார். எந்த மதகு திறந்திருக்கிறது, எவ்வளவு நேரத்தில் அடைப்பார்கள் என்பதையும் கேட்பார். விந்தில் பெப்டைடின் அளவை மட்டும் அளந்துவிட்டு முடிவு கூறுவதிலும் அதே குறை இருக்கிறது. அளவு, ஏற்பியின் வகை, நொதியின் வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன. பீட்டா-எண்டார்ஃபின் அளவை விந்தணு எண்ணிக்கையோடும் ஓட்டத்தோடும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட முடிவுகளைத் தந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

இன்னொரு எல்லையையும் மறக்கக் கூடாது. கருத்தரிப்பு மையங்களில் கருப்பைக்குள் விந்தைச் செலுத்துவதற்கு முன்பும், சோதனைக்குழாய் முறையில் கருமுட்டையோடு சேர்ப்பதற்கு முன்பும், விந்துத் திரவத்தைக் கழுவி நீக்கிவிட்டு விந்தணுக்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கழுவப்பட்ட அணுக்களாலும் குழந்தைகள் பிறக்கின்றன. இயற்கையான உறவிலும் திறமான அணுக்கள் சிறிது நேரத்திலேயே திரவத்தை விட்டு விலகி, கருப்பை வாயின் சளிக்குள் நுழைந்துவிடுகின்றன. எனவே விந்திலுள்ள ஓபியாய்டு பெப்டைடுகள் கருத்தரிப்புக்கு இன்றியமையாதவை என்று கூறுவது பொருந்தாது. அவை ஓட்டத்தைச் சீராக்கும் பல கட்டுப்பாடுகளில் ஒன்று என்று கூறுவதே சரியாகும்.

இதுவரை பேசியது விந்து வெளிவந்த பின் நடப்பதைப் பற்றி. விரைக்குள்ளேயும் இதே பெப்டைடுகளுக்கு வேலை இருக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லேடிக் செல்கள் பீட்டா-எண்டார்ஃபினையும் தயாரிக்கின்றன. அது பக்கத்தில், வளரும் விந்தணுக்களைப் பேணும் செர்டோலி செல்களைச் சென்றடைந்து அவற்றின் செயலை மட்டுப்படுத்துகிறது. ஒரே உறுப்பில் அருகருகே உள்ள செல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாடு இது.

அதைவிடப் பெரிய கட்டுப்பாடு மூளையில் இருக்கிறது, நடைமுறையில் நம்மைத் தொடும் பகுதியும் அதுதான். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி குறித்த இடைவெளிகளில் விட்டுவிட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்னும் இரு ஹார்மோன்களை வெளியிடச் செய்கிறது, அவற்றில் எல்.எச். விரையில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பையும், எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்திக்கான துணையையும் நடத்துகிறது. ஹைப்போதலாமஸில் உள்ள பீட்டா-எண்டார்ஃபினும் டைனார்ஃபினும் இந்த முதல் துடிப்புக்குக் கடிவாளம் போடுகின்றன. ஆண்களுக்கு நலாக்சோன் கொடுத்து அந்தக் கடிவாளத்தைத் தளர்த்தினால் எல்.எச். அளவு உயர்வதைக் கொண்டு இதை அறிந்தனர். உடல் தானாகச் சுரக்கும் சிறு அளவு கடிவாளமாக இருக்கிறதென்றால், வெளியிலிருந்து மாத்திரையாகவும் ஊசியாகவும் நாள்தோறும் செல்லும் ஓபியாய்டு என்ன செய்யும் என்பதை ஊகிப்பது கடினமன்று. துடிப்பு அடங்குகிறது, எல்.எச். குறைகிறது, டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. பாலுறவில் நாட்டம் குறைதல், விறைப்புத் தளர்தல், விந்தின் அளவு குறைதல், அணுக்களின் ஓட்டம் மந்தமாதல் ஆகியவை தொடர்கின்றன. மெதடோன் என்னும் ஓபியாய்டு மருந்தை எடுத்துக்கொண்ட ஆண்களிடம் இக்குறைகள் காணப்பட்டதை 1975-ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன.

நம் மாவட்டங்களில் இது எட்டத்தில் உள்ள சிக்கல் அன்று. ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் மூட்டை சுமப்பவர்கள், குடியாத்தத்தில் தறியில் உட்கார்ந்தே இருப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள் என்று இடுப்பு வலியோடு உழைக்கும் ஆண்கள் இங்கே ஏராளம். மருந்துக் கடையில் “வலி மாத்திரை” என்று கேட்டு வாங்கி விழுங்குவது வழக்கமாகிவிட்டது. எல்லா வலி மாத்திரையும் ஓபியாய்டு அன்று என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் ஆகியவை வேறு வகை. டிரமடால், டேபென்டடால், மார்ஃபின், சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீன் ஆகியவையே ஓபியாய்டு வகை. டிரமடாலை இந்திய அரசு 2018-இல் போதைப் பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. டேபென்டடால் மாத்திரைகளைப் போதைக்காக இளைஞர்கள் பயன்படுத்துவது பற்றிய செய்திகள் தமிழ்நாட்டில் அடிக்கடி வருகின்றன. திருமண வயதில் இருக்கும் பிள்ளைகளின் உடலில் அது செய்யும் கேட்டில் இனப்பெருக்கத் திறன் குறைவதும் அடங்கும் என்பதைப் பெற்றோர் பலர் அறிந்திருக்கவில்லை. இதை வெளிப்படையாகப் பேச வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

அதே நேரத்தில், புற்றுநோய் வலிக்காகவோ பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின்னோ மருத்துவர் தரும் மார்ஃபினைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. அங்கே வலியைத் தணிப்பதே முதற்கடமை. நீண்ட நாள் ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருப்பவர் தாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடல் நடுக்கம், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை முதலிய விலகல் அறிகுறிகள் வாட்டும். மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைப்பதே முறை.

இனி, விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எண்டார்ஃபினைப் பெருக்கி ஆண்மையைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடி, லேகியம், மாத்திரை எதற்கும் மேலே சொன்ன அறிவியலில் இடமில்லை. உடற்பயிற்சி செய்தால் இரத்தத்தில் பீட்டா-எண்டார்ஃபின் உயர்கிறது, உண்மைதான். ஆனால் இரத்தத்தில் உயர்வது விந்தில் உயர்வதாகாது. விந்தில் உயர்ந்தாலும் அது மியூ ஏற்பியை அதிகம் தூண்டினால் நன்மையாகுமா என்பதும் கேள்விக்குரியது. உடற்பயிற்சி வேறு பல காரணங்களால் நல்லது. அதை அந்தக் காரணங்களுக்காகவே செய்யலாம். விந்தில் எண்டார்ஃபின் அளவைப் பார்க்க வேண்டும் என்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட விந்துப் பரிசோதனைக் கையேட்டின் ஆறாம் பதிப்பில் வழக்கமான பரிசோதனைகளுள் அது சேர்க்கப்படவில்லை.

அந்தக் கையேடு தரும் கீழ் எல்லைகள் வாசகருக்குப் பயன்படும். விந்தின் அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் அணுக்கள் 1.6 கோடி, முன்னேறி நீந்துபவை 30 விழுக்காடு, எல்லா வகை அசைவும் சேர்த்து 42 விழுக்காடு, இயல்பான வடிவம் 4 விழுக்காடு. குழந்தை பெற்ற ஆண்களை ஆராய்ந்து, அவர்களில் கடைசி ஐந்து விழுக்காட்டினர் தொட்ட அளவே இந்த எல்லை. இதற்குக் கீழே இருப்பவருக்குக் குழந்தையே பிறக்காது என்று பொருளில்லை, மேலே இருப்பவருக்கு உறுதி என்றும் பொருளில்லை. வடிவத்தில் 4 விழுக்காடுதான் என்று பார்த்துக் கலங்கிப்போகும் இளைஞர்கள் இதை அறிந்திருந்தால் பல இரவுகளின் தூக்கம் மிஞ்சும்.

பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். மாதிரியைப் பரிசோதனைக் கூடத்திலேயே எடுப்பது நல்லது. ஏனென்றால் எடுத்த அரை மணி நேரத்தில், தவறினால் ஒரு மணி நேரத்துக்குள், ஆய்வைத் தொடங்கியாக வேண்டும். பேரணாம்பட்டிலோ ஒடுகத்தூரிலோ வீட்டில் எடுத்துக்கொண்டு பேருந்தில் வேலூர் வந்து சேர்வதற்குள் ஓட்டம் தானாகவே குறைந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். ஒரு முறை குறைவாக வந்தால் மறுமுறை பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

ஓட்டம் உண்மையிலேயே குறைந்திருந்தால் மருத்துவர் முதலில் தேடுவது வேறு காரணங்களை: விரையின் இரத்தக் குழாய்கள் (சிரைகள்) புடைத்துச் சுருண்டிருக்கும் வெரிகோசீல், கிருமித் தொற்று, புகையிலை, சர்க்கரை நோய், விரைகளுக்கு நேரடியாகப் படும் வெப்பம். விரைகள் உடலின் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் சரியாக இயங்கும் என்பதால், பிரியாணி அடுப்பின் முன் நாள் முழுவதும் நிற்பவர்களும், கொதிகலன் பக்கம் வேலை செய்பவர்களும் தம் தொழிலை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோவது நல்லது. பெயர் தெரியாத “வலி மாத்திரை” எது என்று அட்டையைப் பார்த்தால் மருத்துவருக்கு உடனே விளங்கிவிடும். போதைக்காக ஏதேனும் எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் கூற வேண்டும். வீட்டார் உடன் வந்திருந்தால் தனியே பேச வேண்டும் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

ஓபியாய்டை மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்தியவர்களிடம் ஹார்மோன்கள் பெரும்பாலும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஆனால் விந்துப் பரிசோதனையில் மாற்றம் அடுத்த வாரமே தெரிந்துவிடாது. ஒரு விந்தணு விரைக்குள் உருவாகி முடிய சுமார் 74 நாள் ஆகிறது. அதன் பிறகு விரையை ஒட்டியுள்ள எபிடிடிமிஸ் குழாயில் முதிர்ச்சியடைய மேலும் சில நாள் ஆகிறது. அதனால்தான் மருத்துவர் மறு பரிசோதனைக்கு மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்.